தண்டயல் படகேற மறுத்த நாள்

ஏறினால் பிழைக்கலாம். ஏறாவிட்டால் நாளைக்கு இந்தக் கட்டிலில் ஆள் இருக்காது. இவ்வளவு தெளிவாக டொக்டர் சொன்ன பிறகும் சிவபாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் இஞ்சையே சாகிறன். படகிலை ஏத்தாதேங்கோ."

"இதுக்குத் துப்பறிய என்ன இருக்கு அக்கா? நாலு பேர் பிடிச்சுத் தூக்கினால் அலுவல் முடிஞ்சுது," என்று நான் மெல்லச் சொன்னேன். நிலாந்தினி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மிச்சப் பகிடியை விழுங்கிக்கொண்டேன்.

என் பெயர் றொபின்சன். சொந்த ஊர் ஊர்காவற்றுறை. வேலணைச் சந்தியில் ஒரு சின்னக் கடை அறைக்கு மேல் 'விசாரணை நிலையம்' என்று பலகை தொங்குகிறது. அந்த நிலையத்துக்கு அக்கா மூளை, நான் மோட்டார்சைக்கிள். அக்கா முன்பு காப்புறுதிக் கொம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ஆட்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை விட எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆள் என்பதால் என்னில் அவருக்கு அக்கறை குறைவு.

நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூப்பிட்டது சிவபாதத்தின் தம்பி ஜெகதீஸ். கட்டிலின் கால்மாட்டில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, அண்ணைக்குக் குடலிலை கட்டி எண்டு யாழ்ப்பாணத்திலை ஒரு துண்டை வெட்டி எடுத்தவை. கட்டி போயிட்டுது. ஆனால் அண்டு தொட்டு வயித்தாலை போகுது. இப்ப பாருங்கோ, எலும்புதான் மிச்சம். ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. நான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போற நாளிலை எல்லாம் வயிறு டக்கெண்டு நிண்டிடும். படம் எடுத்துப் பாத்திட்டு, வயிறு கட்டிப்போய்க் கிடக்கு எண்டு டொக்டர்மார் சொல்லுவினம். வீட்டை வந்தால் திரும்பவும் தண்ணியாப் போகும். என்னோடை வந்தால் நிக்குது, அவளிட்டைப் போனால் ஓடுது. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?"

'அவள்' என்றது சிவபாதத்தின் இரண்டாம் தாரத்தை. பெயர் பரிமளம். புளியங்கூடலில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். உள்ளே வரக்கூடாது என்று ஜெகதீஸ் தடுத்துவிட்டதால் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தின் கீழ் குந்தியிருந்தார்.

"வயித்தாலை போக வைக்கிற நேர்வாளங்கொட்டையை அரைச்சுக் குடுக்கிறாள் எண்டு ஊரே கதைக்குது. பொலிசுக்கும் சொல்லியாச்சு. பின்னேரம் வருவினம்."

தீவுக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் நிரோஜன் எங்களை ஒரு பக்கம் கூப்பிட்டார். இளம் ஆள். இரவு முழுக்க நித்திரை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நஞ்சோ என்னவோ எனக்குத் தெரியாது. உடம்பிலை இருக்கவேண்டிய உப்புகள் எல்லாம் வயித்தாலை போயிட்டுது. இருதயம் தாளம் தப்பி அடிக்குது. என்னட்டை இருக்கிறதை ஏத்திக்கொண்டிருக்கிறன், அது காணாது. சோளகக் காத்து அடிக்கிறதாலை சின்னப் படகு ஓடாது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போகப் பின்னேரம் போற பெரிய படகுதான் ஒரே வழி."

"பலவந்தமா ஏத்தினால்?" என்று அக்கா கேட்டார்.

"காலமை தூக்கப் போனம். சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டார். அந்த இழுபறியை இருதயம் தாங்காது, மிஸ். அவராச் சம்மதிக்கோணும். இல்லாட்டி..."

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, நீங்கள் இந்தத் துறையிலை எத்தினையோ வரியம் தண்டயலாப் படகு ஓட்டினனீங்களாம். புயலுக்கையும் சுக்கானை விடாத ஆள் எண்டு சொல்லுகினம். இப்ப ஏன் படகு எண்டாப் பயம்?"

சிவபாதம் கட்டிலில் திரும்பினார். தம்பியைப் பார்த்து, "ஒரு வெத்திலை வேணும். இராயப்புவிட்டை வாங்கிக்கொண்டு வா," என்றார்.

"சாகப்போற நேரத்திலையும் வெத்திலை!" என்று ஜெகதீஸ் கண்ணைத் துடைத்தபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைப்பக்கம் போனார்.

நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போனோம்.

பரிமளம் அழுது முடித்திருந்தார். ஒளிக்க எதுவும் இல்லாத ஆள் பேசுகிற மாதிரி நேராகவே பேசினார்.

"ஓம், நான்தான் மருந்து குடுக்கிறனான். கிளினிக்கிலை தந்த பாணி மருந்து. வயிறு கட்டியிருக்கு எண்டு அவை ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக் கூட்டி எழுதினவை. தம்பியார் வந்து, சொன்னபடி குடுக்கிறியோ குடுக்கிறியோ எண்டு கேட்டுக் கரைச்சல் தருவார். சொன்னபடிதான் குடுத்தன். டொக்டர் தம்பி நேற்று நிப்பாட்டச் சொன்னார், நிப்பாட்டிப்போட்டன். நேர்வாளங்கொட்டையை நான் கண்ணாலையும் கண்டதில்லை, பிள்ளை."

"அவருக்கு வயித்தாலை போகுது எண்டு கிளினிக்கிலை ஒருதரும் சொல்லேல்லையோ?"

"அவர் சொல்ல மாட்டார், தம்பியாரையும் சொல்ல விடமாட்டார். கடைசியா எப்ப போனது எண்டு அவை கேட்டால், போகேல்லை எண்டுவார். அது உண்மைதானே. கிளினிக்குக்கு முதல் நாளே நிண்டிடும்."

அக்கா நிமிர்ந்தார். "முதல் நாளோ? தம்பியாரோடை வெளிக்கிட முன்னமோ?"

"ஓம். முதல் நாள் பின்னேரம் துறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவார். அண்டிரவு தொடக்கம் வயிறு கப்சிப்."

"அப்ப உங்கட கையாலைதானே சாப்பிட்டிருப்பார்?"

"பேந்து வேறை ஆற்றை கையாலை?"

"நஞ்சு வைக்கிறவை கிளினிக்குக்கு முதல் நாள் லீவு எடுக்கிறேல்லை, அக்கா," என்றேன் நான்.

"இண்டைக்கு உம்மட வாயாலை வந்த முதல் நல்ல கதை," என்றார் அக்கா. பிறகு கடலைப் பார்த்தபடி, "றொபின், வாழ்நாள் முழுக்கப் படகிலை நிண்ட மனிசன் படகுக்குப் பயப்பிடுறார். அதிலை என்ன இருக்கு எண்டு யோசிச்சு எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை," என்றார்.

அந்த நேரம் பார்த்து என் வயிறு உருண்டது. காலையில் குறிகட்டுவான் துறைக் கடையில் நேற்றைய மீன்குழம்பை இடியப்பத்தில் ஊற்றித் தின்றவன் நான். கடைக்காரன் நல்லா இருக்கமாட்டான். "அக்கா, ரெண்டு நிமிசம்!" என்று கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக் கக்கூசுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது எனக்கு உலகமே வெறுத்துப்போயிருந்தது.

"நான் பின்னேரப் படகிலை வரமாட்டன். நீங்கள் போங்கோ. நான் இந்த ஊரிலையே ஒரு மாடு வாங்கி மேய்ச்சுக்கொண்டு இருக்கிறன்."

"ஏன்?"

"ஏனோ? அந்தப் படகிலை கக்கூசு இல்லை அக்கா! நடுக்கடலிலை வந்துதெண்டால் நான் எங்கை போவன்? சனம் முழுக்கச் சுத்தி இருக்கும். மானம் போன பிறகு பிழைச்சு என்ன..."

அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். இத்தனை நாள் வேலை செய்ததில் அவர் என்னைத் தொட்டதே அன்றுதான்.

"மோட்டார்சைக்கிளை எடும். துறைக்குப் போய் இராயப்பு எண்டவரிட்டை இதே கதையைச் சொல்லும். இதே முகத்தோடை சொல்லும்."

"நடிக்கவோ?"

"உமக்கு நடிக்கத் தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன்."

இரவல் வாங்கிய மோட்டார்சைக்கிளில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு மாவிலித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரிய படகு கட்டிக் கிடந்தது. இராயப்பு படகில் கயிறு எடுத்து வேலை செய்தே கிழவனானவர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, வயித்தாலை போகுது. படகிலை எப்பிடி வாறதெண்டு தெரியேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அது பொய் சொல்லாத முகம். சுற்றிவரப் பார்த்துவிட்டு மடிக்குள் இருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்தார்.

"ரெண்டைப் போடும் தம்பி. யாழ்ப்பாணம் மட்டும் வயிறு வாய் திறக்காது. ஒருதருக்கும் சொல்லாதையும்."

எனக்குப் பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. "தண்டயலுக்கும் இதுதானே அண்ணை குடுக்கிறனீங்கள்?"

இராயப்பு கையை இழுத்துக்கொண்டார். ஆனால் குளிசை என் கையில் இருந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது."

"அண்ணை, அவர் செத்துக்கொண்டிருக்கிறார். அவற்றை மனிசியைப் பொலிசு கொண்டுபோகப் போகுது. இனியும் தெரியாது எண்டு சொல்லுவியளோ?"

கிழவர் கயிற்றுச் சுருளில் பொத்தென்று இருந்துவிட்டார்.

"ஒப்பரேசன் முடிஞ்சு முதல் முதல் கிளினிக்குக்கு வெளிக்கிட்ட நாள், பிள்ளை. சனம் நிறைஞ்சு போகுது. நடுக்கடலிலை அவற்றை முகத்தைப் பாத்தன். விளங்கிட்டுது. இருந்த இடத்திலையே போயிட்டுது. நான் ஒரு வாளி கடல்தண்ணியை அள்ளி அவருக்கு மேலை ஊத்தினன், கை தவறின மாதிரி. சனம் என்னைப் பேசினது. தம்பியார் அடிக்க வந்தவர். தண்டயலும் என்னைப் பேசினவர், சத்தமாப் பேசினவர். ஆனால் கண்ணாலை தண்ணி ஓடினது. பேந்து ஆரிட்டையோ கேட்டு இந்தக் குளிசையை நான்தான் வாங்கிக் குடுத்தன். மாதாவாணை, நன்மைக்குத்தான் செய்தனான்."

"எத்தினை போடுவார்?"

"ஒரு அட்டை முழுக்க. இப்ப இப்ப ரெண்டு அட்டையும் போடுவார். ரெண்டு குளிசைக்கு நிக்குதில்லை எண்டு சொல்லுவார்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "இனிமேல் குடுக்காதேங்கோ. கடைசியாக் குடுத்தது எப்ப?"

"இப்பதானே தம்பியார் வந்து வாங்கிக்கொண்டு குறுக்குப் பாதையாலை போறார்."

"என்னது?"

"தண்டயல் வெத்திலை கேட்டு ஆள் விட்டால் குளிசை எண்டு எனக்கு விளங்கும். வெத்திலை சுத்திற கடதாசிச் சரைக்குள்ளை மடிச்சு வைச்சுக் குடுப்பன். தம்பியாருக்கு ஒண்டும் தெரியாது. படகிலை வரச் சம்மதிச்சிட்டார் எண்டு எனக்குச் சரியான சந்தோசம், ரெண்டு அட்டை வைச்சன்."

அக்கா டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. ஜெகதீஸுக்கு எடுத்தார். அதுவும் அப்படியே. நான் மோட்டார்சைக்கிளை உதைத்தேன். வயிறாவது மண்ணாவது, எல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்கு மருந்து தெரியாது றொபின்," என்று பின்னால் இருந்து அக்கா கத்தினார். "ஆனால் தாளம் தப்பின இருதயத்துக்கு மேலை ரெண்டு அட்டைக் குளிசை போட்டால் என்ன வரும் எண்டு யோசிக்கப் படிப்புத் தேவையில்லை. ஓடும்!"

ஓடினேன். கல்வேலிகளுக்கு நடுவே வழியில் ஒரு குதிரை குறுக்கே நின்றது. ஓர் ஊரில் மாடு மறிக்கலாம், ஆடு மறிக்கலாம். இங்கே குதிரை மறிக்கிறது! நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது. குதிரைக்கு விளங்கியிருக்க வேண்டும், விலகியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெகதீஸின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. பரிமளம் வேப்பமரத்தடியில் எழும்பி நின்றார். நான் நிறுத்தும் முன்னமே அக்கா கத்தினார்.

"உள்ளை ஓடுங்கோ! அவற்றை கையிலை இருக்கிறதைப் பறியுங்கோ!"

ஏன் எதற்கு என்று அந்த மனிசி கேட்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னால் நுழைந்தபோது சிவபாதத்தின் உள்ளங்கை நிறையக் குளிசை. கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பரிமளம் ஓங்கி அடித்த அடியில் குளிசைகள் நிலமெல்லாம் சிதறின. வெற்றிலை ஒரு பக்கம், சரை ஒரு பக்கம்.

"கொலைகாரி! ஆஸ்பத்திரிக்குள்ளையும் விடமாட்டியோ!" என்று ஜெகதீஸ் அவரின் கையை முறுக்கினார். நான் போய் இடையில் விழுந்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையில் இருந்து டொக்டர் ஓடி வந்தார். ஒரு குளிசையைக் குனிந்து எடுத்துப் பார்த்தவரின் முகம் வெளுத்துப்போனது.

"எத்தினை விழுங்கினவர்?"

"ரெண்டு," என்றார் சிவபாதம், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மற்றதும் போயிருந்தால் படகு தேவைப்பட்டிருக்காது, ஐயா."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஜெகதீஸுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்கள் சொன்னது சரி. உங்கட அண்ணையை இந்த நிலைக்குக் கொண்டுவந்த மருந்தைக் குடுத்தது பரிமளம் அக்காதான்."

"கேட்டீங்களே! நான் அப்பவே சொன்னனான்!"

"பொறுங்கோ. அவ குடுத்தது கிளினிக் தந்த பேதிப் பாணி. கிளினிக் ஏன் தந்தது? அவை கண்ட வயிறு கட்டியிருந்தது. ஏன் கட்டியிருந்தது? கீழை பாருங்கோ, இதாலை. வெட்டின குடல், அது தன்ரபாட்டிலை ஓடுற குடல். அதை மறிக்க இவர் இதைப் போட்டார். மறிச்சதைத் திறக்க அவை அதைக் குடுத்தவை. கிளினிக் கண்டது படகேறி வந்த வயித்தை மட்டும்தான். வீட்டிலை இருந்த வயித்தை அங்கை ஒருதரும் காணேல்லை. நீங்களும் அப்பிடித்தான்."

ஜெகதீஸ் கையை விட்டார்.

"இண்டைக்கு இதைக் கொண்டுவந்து அவற்றை கையிலை குடுத்தது ஆர்?"

அவர் தன் கைகளையே பார்த்தார். "வெத்திலை எண்டெல்லே நினைச்சன். கடவுளே! அண்ணை, ஏன்? ஏன் வயித்தை மறிச்சனீ?"

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பரிமளம் அவரின் கையைப் பிடித்துவிட்டார்.

"சொல்லாதேங்கோ, பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"குளிசை தெரியாது. ஆனால் முதல் முறை போயிட்டு வரேக்கை அவர் உடுத்திருந்த சாறம் எல்லாம் உப்புத் தண்ணி. நான்தானே தோய்ச்சனான். தோய்க்கிறவளுக்குத் தெரியாதோ? அவர் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. டொக்டர் தம்பிக்குத் தெரிஞ்சால் போதும். ஊருக்கு என்னத்துக்கு? நான் நஞ்சுக்காரியாவே இருந்திட்டுப் போறன்."

வாசலில் சனம் கூடிவிட்டது. பொலிசுக்காரர் ஒருவரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சிவபாதம் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே சொன்னார், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக.

"ஜெகதீஸ், நான் படகிலை இருந்த இடத்திலையே போயிட்டன்ரா. என்ர படகிலை. கடல் ஆட்டத்திலை சத்தி எடுத்த சனத்தை எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசின நான். அதுதான் குளிசை. இண்டைக்கு அது இல்லாமல் ஏறிறதை விடச் சாகலாம் எண்டு இருந்தன். பரிமளம் ஒண்டும் செய்யேல்லை."

பரிமளம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் சந்தோசம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

"என்னை நஞ்சுக்காரி எண்டு சொல்லேக்கை உங்களுக்குக் காதிலை விழுந்ததுதானே?"

"ஓம்."

"நான் கிணத்தடிக்குப் போனால் மற்றவை வாளியை எடுத்துக்கொண்டு போறவை. அதுவும் தெரியும்?"

"ஓம்."

"தெரிஞ்சும் சொல்லேல்லை."

எனக்கு அந்த மனிசனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழவும் வேண்டும் போல இருந்தது. துறைப்பக்கம் படகின் ஊதுகுழல் கேட்டது.

"குளிசை இல்லாமல்தான் போகோணும். நானும் வாறன்," என்றார் டொக்டர். "வழியிலை போகும். போனால் போகட்டும். ஏறுவியளோ?"

சிவபாதம் மனைவியைப் பார்த்தார். பரிமளம் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய துணிமணிகளைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்துங்கோ," என்றார் சிவபாதம்.

காற்று பிடித்து அடித்தது. ஸ்ட்ரெச்சரை இயந்திர அறைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினோம். ஜெகதீஸ் பொலிசுக்காரரிடம் என்னவோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஓடி வந்து ஏறினார். "அண்ணி, அந்தச் சேலைன் போத்தலை நான் பிடிக்கிறன்," என்றார். பரிமளம் கொடுக்கவில்லை. ஒரு கையால் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொக்டர் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

நடுக்கடலில் அது நடந்தது. சிவபாதம் பல்லைக் கடித்தார், கண்ணை இறுக்கி மூடினார், பிறகு எல்லாம் கைவிட்டுப்போனது. கெட்ட மணம் படகெல்லாம் பரவியது. சனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழும்பி ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடியும் இருந்தார். ஒரு மனிசி தன் பையில் இருந்து பழஞ்சேலை ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா போத்தலை வாங்கிக்கொள்ள, பரிமளம் அந்தச் சேலையால் அவரை மறைத்து, துடைத்து, மாற்றினார். பிறகு போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் கல்லாகவே இருந்தது.

டொக்டர் மறுபடியும் நாடியைப் பிடித்தார். இந்த முறை நீண்ட நேரம் பிடித்தார். "நூல் மாதிரித்தான் இருக்கு. ஆளை நித்திரை கொள்ள விடாதேங்கோ, கதையுங்கோ," என்று மெதுவாகச் சொன்னார்.

சிவபாதத்தின் கண்கள் செருகிக்கொண்டு போயின. "பரிமளம், என்னை..." என்று தொடங்கினார்.

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எனக்கே விளங்கியது. பரிமளம் குனிந்து அவரின் கன்னத்தில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

"கண்ணைத் திறவுங்கோ. இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். உங்களிட்டைக் கேக்க எனக்கு நிறையக் கிடக்கு, நாள்கணக்கா இருந்து கேக்கோணும். அதுக்கு நீங்கள் உயிரோடை இருக்கோணும்."